இருபத்துமூன்றாவது கேள்வி

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

அன்பும் பொறுமையும் நிறைந்த என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான், நம் வக்கீல், தையல் மெஷின் மூவரும் நலம். மெஷினுக்கு மட்டும் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. நம் மகளுக்கு வாய் இன்னும் தளரவில்லை. நாலாம் வகுப்பில் வைத்த அந்த வக்கீல் பட்டத்தை ஐந்தாம் வகுப்பிலும் நன்றாகவே காப்பாற்றி வருகிறாள். நீங்கள் போன கடிதத்தில் உங்கள் சளியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே பிஸ்கட்டுக்குத் தாவிவிட்டீர்கள். முதலில் சளி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பிஸ்கட்டின் ஈரப்பதம் காத்திருக்கும்.

நீங்கள் அனுப்பிய மார்க் தாள் வந்து சேர்ந்தது. வீடு பார்க்கப் போகிறவர்கள் குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துப் போவார்கள். நான் இருபத்திரண்டு கேள்விகள் எடுத்துப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க், பக்கத்தில் இரண்டு கட்டம். ‘அ’ என்றால் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற புறநகர், ‘ஆ’ என்றால் கடற்கரை நகரம். குழாயில் தண்ணீர் வேகம், சுவரில் ஈரம், பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நிமிடம், கதவு சாத்தும்போது கிறீச்சிடுகிறதா என்று ஒன்றையும் விடவில்லை. அரை மணிக்கு ஒருமுறை பெல்ட்டிலிருந்து பன்னிரண்டு பிஸ்கட்டை எடுத்து உடைத்துப் பார்க்கிற தரப் பரிசோதகருக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படியெல்லாம் வரும் என்று கல்யாணத்தின்போதே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

இருந்தாலும் பேச்சு பேச்சுதான். நாலு வருஷம் எங்களை விட்டு அங்கே பிஸ்கட் ஃபாக்டரியில் இருந்துவிட்டு இன்னும் இரண்டே மாதத்தில் வருகிறீர்கள். புது ஃபாக்டரியில் சேரப் போகிறீர்கள். அதற்குள் இரண்டு ஊரில் ஒன்றில் வீடு பிடிக்க வேண்டும். எந்த ஊருக்கு மார்க் கூடுதலோ அந்த ஊர்தான், மறுபேச்சு கிடையாது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். போனில் பேசினால் நீங்களும் ‘சரி சரி’, நானும் ‘சரி சரி’ என்று சொல்லி வைத்துவிடுவோம் என்றுதானே கடிதத்தில் எழுதச் சொன்னீர்கள்? எழுதுகிறேன்.

நேற்று நானும் வக்கீலும் ‘அ’வைப் பார்த்துவிட்டு வந்தோம். குறை சொல்ல மனசு வரவில்லை. தெருவெல்லாம் நேர்கோடு. மரத்துக்கு மரம் ஒரே இடைவெளி. ஃபாக்டரிக்குப் பதினைந்து நிமிடம் நடை, அதையும் நடந்தே பார்த்தேன், பதினாலரைதான் ஆனது. இரண்டு படுக்கையறை, சாப்பாட்டு மேஜை போட இடம், லிஃப்ட். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வேகத்தில் என் புடவை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. முதல் கேள்விக்குப் பத்துக்குப் பத்து போட்டேன். உங்களுக்கு வேண்டிய அமைதி அங்கே கொட்டிக் கிடக்கிறது. அத்தனை வருஷம் மெஷின் சத்தத்திலேயே காதைக் கொடுத்தவருக்கு அது தேவைதான்.

வீட்டைச் சுற்றிக் காட்டியவர் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, கையில் ஒரு விதிமுறைப் புத்தகம். நடக்கும்போது சாவி பேசுகிறது, நிற்கும்போது அவர் பேசுகிறார். ஜன்னலைக் காட்டச் சொன்னேன். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் சுருட்டுகிற திரை. கயிற்றை இழுத்தால் மேலே போகும், விட்டால் கீழே வரும். “துணித் திரையே கிடையாதுங்க. தூசி சேரும். வெளியிலேர்ந்து பாத்தா நூத்தி அறுபது வீடும் ஒரே கலரா இருக்கணும், அதான் ரூல்” என்று பெருமையாகச் சொன்னார். வீட்டில் யாரும் தொழில் செய்யக் கூடாது என்பது புத்தகத்தில் பதினோராம் விதி. அதையும் வாசித்துக் காட்டினார்.

பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நானும் ஒரு பதில் சொன்னேன். அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், இப்போது கை வலிக்கிறது. போன வாரம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முப்பது திரை தைத்து முடித்தேன். பெரிய பெரிய ஜன்னல்கள். நீங்கள் இங்கே இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் அளவெடுக்கிற டேப்பின் அந்த முனையை நீங்கள்தான் பிடிப்பீர்கள். இப்போது ஒரு துணி கிளிப்தான் பிடிக்கிறது. உங்களைப் போல எதிர்த்துப் பேசாது, ஆனால் அடிக்கடி வழுக்கிவிடும்.

வியாழக்கிழமை வக்கீலுக்குப் பள்ளி விடுமுறை. அன்றைக்கு ‘ஆ’வைப் பார்க்கப் போகிறோம். சளிக்கு வெந்நீர் குடியுங்கள். கேன்டீன்காரரிடம் கேட்டால் தர மாட்டாரா என்ன?

உங்கள் ஆணைப்படி மார்க் போடும்,
உங்கள் மனைவி


வெள்ளிக்கிழமை, காலை

அன்புள்ள என் பரிசோதகருக்கு,

முதலில் சிரித்துவிடுங்கள், பிறகு மற்றதைச் சொல்கிறேன். நேற்று நான் கடற்கரை நகரத்துக்கு வாடகை வீடு பார்க்கப் போய், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குத் திரை தைக்கிற வேலையோடு திரும்பி வந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர் அம்மா. கீழே கிளினிக், மூன்றாவது மாடியில் காலியாக இருக்கிற வீடு. நாங்கள் உள்ளே நுழைந்ததும் எதிரே ஒரு பெரிய ஜன்னல், அதில் வெயிலில் வெளுத்துக் கிழிந்து தொங்குகிற ஒரு திரை. அந்தத் திரையைப் பார்த்ததும் என் கை தானாகப் பைக்குள் போனது. டேப்பை எடுத்துவிட்டேன். பழக்க தோஷம், வேறென்ன சொல்ல? அந்த நேரம் பார்த்து டாக்டர் அம்மா ஒருவருடைய வாய்க்குள்ளிருந்து தலையை நிமிர்த்தி, “அப்பாடா, ஒரு வழியா வந்துட்டீங்களா! மூணு மாசமா போன்லயே வர்றேன் வர்றேன்னு சொல்றீங்களே. இந்த ஜன்னல்லேர்ந்தே ஆரம்பிச்சிடுங்க” என்றார்.

அவருக்கு வருவதாகச் சொல்லி ஏமாற்றிய தையல்காரர் யாரோ, எனக்குத் தெரியாது. ‘நான் அவர் இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குள் முதல் ஜன்னலின் அகலத்தை நோட்டில் எழுதிவிட்டேன். ஒன்றை எழுதினால் உயரத்தை எழுதாமல் எப்படி விடுவது? அப்புறம் இரண்டாவது ஜன்னல். வக்கீல் போய்க் காலியாக இருந்த பல் நாற்காலியில் ஏறிப் படுத்து, மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள். எந்த நிறம் நன்றாக இருக்கும் என்று நான் கேட்டதற்கு, இன்னொரு நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்தவர் ‘ஆஆ’ என்று ஒரு கருத்துச் சொன்னார். டாக்டர் அம்மா அதை நீலம் என்று புரிந்துகொண்டார்.

ஐந்து ஜன்னல் முடிந்ததும் “அட்வான்ஸ் எவ்வளவு தரணும்?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அட்வான்ஸ் நான்தாங்க உங்களுக்குத் தரணும். மாடி வீட்டப் பாக்க வந்தவ நான்” என்றேன். அவர் முகமூடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், வாயைத் திறந்து காத்திருந்தவர் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். நான் பொய் மார்க் போடவில்லை. லிஃப்ட் கிடையாது, மூன்று மாடி ஏற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்பு கரிக்கிறது, வேகமும் இல்லை. ஜன்னல் தாழ்ப்பாள் எல்லாம் துருப் பிடித்திருக்கிறது. ‘கடல் தெரியும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்களே, அது உண்மைதான். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றால் ஒரு கைக்குட்டை அளவு தெரிகிறது. இரண்டாவது படுக்கையறையில் கட்டில் போட்டால் கதவு திறக்காது. உங்கள் ஃபாக்டரிக்கு ரயிலில் ஒரு மணி பத்து நிமிடம், காலையில் உட்கார இடம் கிடைக்காது என்று ஸ்டேஷனில் விசாரித்தேன். அந்தக் கேள்விக்கு இரண்டு மார்க்தான் போட்டேன். போடும்போது உங்கள் முழங்காலை நினைத்துக்கொண்டேன்.

வக்கீல் இரண்டு தடவை கூட்டினாள். புறநகர் 171, கடற்கரை 158. பதின்மூன்று மார்க் வித்தியாசத்தில் ‘அ’ ஜெயித்துவிட்டது. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இனி மற்றதைச் சொல்கிறேன்.

அன்றைக்கு அந்தச் செயலாளர் என்னிடம் கேட்டது, “நீங்க என்ன பண்றீங்கம்மா?” என்று. நான் “சும்மா வீட்டுலதான் இருக்கேன்” என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். பதினோராம் விதியை அப்போதுதான் அவர் வாசித்து முடித்திருந்தார், வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று ஒரு பயம். நம் வக்கீல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, “அம்மா, நீ சும்மாவா இருக்கே? அப்போ என்னோட ஸ்கூல் பையிலயும் தலையணையிலயும் கெடக்கற நூலெல்லாம் யாரோடது?” என்று கேட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரும்வரை வந்தேன்.

நேற்று டாக்டர் அம்மா ஆள் மாறிப்போய் என்னைத் தையல்காரர் என்று நினைத்தார். யோசித்துப் பார்த்தால் இரண்டு ஊரிலும் என்னைச் சரியாகத் தெரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

நீங்கள் போகும்போது என் கையில் ஒரே ஒரு வீட்டு வேலைதான் இருந்தது. இன்றைக்கு இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் ‘திரைக்கார அம்மா வீடு’ என்று கை காட்டுவார்கள். நீங்கள் போன மாதம் எழுதினீர்கள், ‘நான் வந்துவிட்டால் இனி நீ மெஷினோடு மாரடிக்க வேண்டாம்’ என்று. எவ்வளவு ஆசையாக எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பதில் எழுதவில்லை. ஆனால் நான் மாரடிக்கவில்லைங்க. எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வீட்டு ஜன்னலில் திரையைத் தொங்கவிட்டு, மடிப்பை நீவிவிட்டு, இரண்டு அடி பின்னால் வந்து நின்று பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்களுக்கு ஒரு தட்டுப் பிஸ்கட்டில் ஒன்றுகூட உடையாமல் வந்தால் வருமே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கிலிருந்து வெளியே வந்து மூன்று தெரு நடந்தேன். உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்து எந்தத் துணியையும் அங்கே இரண்டு வருஷத்துக்கு மேல் விட்டுவைக்காதாம். நாற்பத்தொரு ஜன்னலை எண்ணினேன், கிழியாத திரை ஆறே ஆறு. அந்த மூன்றாவது மாடி வீட்டில் வாசலிலிருந்து சமையலறை வரை ஒரு நீள நடை இருக்கிறது. டாக்டர் அம்மா அதை வீண் இடம் என்று சொல்லி வருத்தப்பட்டார். பன்னிரண்டு அடித் துணியை மடிக்காமல் அப்படியே விரித்து வெட்டலாம். இப்போது நான் கட்டிலை நகர்த்தி, வக்கீலை எழுப்பி, அவள் திட்டத் திட்ட வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தாளில் இருபத்திரண்டு கேள்வி இருக்கிறது. கதவு கிறீச்சிடுகிறதா என்றுகூட ஒரு கேள்வி இருக்கிறது. என் மெஷினை எங்கே போடுவது என்று ஒரு கேள்வி இல்லை. அதைப் பார்த்து முதல் நாள் சிரித்தேன், இரண்டாவது நாள் கோபம் வந்தது, மூன்றாவது நாள் அழுகை வந்தது. இப்போது எல்லாம் போய்விட்டது. தாளின் அடியில் பென்சிலால் இருபத்துமூன்று என்று எண் மட்டும் போட்டிருக்கிறேன். கேள்வியை நீங்கள் எழுதுங்கள், மார்க்கையும் நீங்களே போடுங்கள்.

நீங்கள் கடற்கரைக்குப் பத்துக்குப் பத்து போட்டு, புறநகருக்கு முட்டை போட்டாலும் 168தான் வருகிறது. அப்போதும் மூன்று குறைகிறது. அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். ‘அ’ என்று நீங்கள் ஒரு எழுத்து எழுதினால் போதும், செயலாளருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறேன். மெஷினுக்கு உறை தைத்து மூடி வைக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன், ரொம்ப நாளைக்கு.

ஆனால் கட்டத்தைக் காலியாக மட்டும் விட்டுவிடாதீர்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

உங்கள்
திரைக்கார அம்மா


புதன்கிழமை, கேன்டீனிலிருந்து

என் அன்புக்குரிய திரைக்கார அம்மாவுக்கு,

சளி போய்விட்டது. கேன்டீன்காரர் வெந்நீர் தந்தார். இது முதல் தகவல்.

உன் கடிதத்தைச் சாப்பிடும்போது படித்தேன். பல் டாக்டர் வரும் இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் தட்டோடு எழுந்து வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். ‘இனி மற்றதைச் சொல்கிறேன்’ என்ற இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டு, தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மீதியைச் சுமை ஏற்றுகிற இடத்தில் நின்று படித்தேன். திரும்பிப் போனபோது சாப்பாடு ஆறிப் போயிருந்தது.

எங்கள் ஃபாக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. உனக்கு இதுவரை சொன்னதில்லை. சோதனைத் தாளில் சோதிக்க வேண்டிய ஒன்று விட்டுப்போய்விட்டது என்று பிறகு தெரிந்தால், அந்தத் தாளை வைத்துத் தேர்வான சரக்கு முழுவதையும் அப்படியே நிறுத்திவிடுவோம். எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் செல்லாது. விட்டுப்போனதை மட்டும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து ஒப்பேற்றவும் கூடாது. தாளைத் தயாரித்தவன் பெயரைப் பலகையில் எல்லோரும் பார்க்க எழுதிப் போடுவோம். இந்த நாலு வருஷத்தில் நான் இருபது பேர் பெயரை எழுதியிருக்கிறேன், என் பெயர் வந்ததில்லை. நேற்று அறைக்கு வந்து, சமையலறைச் சுவரில் என் பெயரைச் சாக்பீஸால் எழுதினேன். என்னோடு தங்கியிருக்கிற ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

ஆகவே 171 செல்லாது, 158ம் செல்லாது. உன் 168ம் செல்லாது. வக்கீல் மேல்முறையீடு செய்தால் என்னிடம் அனுப்பு.

ரயிலைப் பற்றி நீ கவலைப்படாதே. நாலு வருஷமாக நான் வேலை முடிந்து அறைக்கு நடந்து வர ஆறு நிமிடம்தான். ஆறு நிமிடத்தில் வந்து சேர்ந்த இடத்தில் நீங்கள் இரண்டு பேரும் இல்லை. ஒரு மணி பத்து நிமிடம் நின்றுகொண்டே வந்தாலும் கதவைத் திறக்க ஆள் இருக்கும் என்றால் எனக்கு அது போதும். முழங்காலுக்குத் தைலம் இருக்கிறது. ஒன்றே ஒன்று, அந்த வாளி என்னைத் தாங்குமா என்று விசாரித்து வை. வாரத்துக்கு ஒருமுறையாவது நானும் கடல் பார்க்க வேண்டும்.

‘மாரடிக்க வேண்டாம்’ என்று எழுதினேன். உன்னை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. நீ ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறாய், மெஷினுக்கு முன்னால், என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வரியை அடித்துவிடு. பேனாவால் அடி, பென்சில் வேண்டாம்.

டாக்டர் அம்மாவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடு. மார்க் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இருபத்துமூன்றாவது இடத்தில் கேள்வியை எழுதிவிட்டேன், ‘மெஷினை எங்கே போடுவது?’ என்று. மார்க் போடவில்லை, பதிலைத்தான் எழுதியிருக்கிறேன். ‘அந்த நீள நடை முழுவதும்.’

புது வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் நீயே அளவெடுத்துத் தைத்து மாட்டிவிடு. முன்னறையில் எது பெரிய ஜன்னலோ அதை மட்டும் நான் வரும்வரை தொடாதே. இரண்டு மாதம் வெயில் அடித்தால் அடிக்கட்டும். அந்தத் துணி கிளிப் நாலு வருஷம் நன்றாக வேலை பார்த்தது, அதற்கு என் நன்றியைச் சொல்லி அனுப்பிவிடு. டேப்பின் அந்த முனையைப் பிடிக்க ஆள் வருகிறது. எதிர்த்துப் பேசும், ஆனால் வழுக்காது.

இப்படிக்கு,
சுவரில் பெயர் எழுதப்பட்ட
உன் கணவன்